கணக்குக் கேட்ட ஆசான்

நுழையும்முன்

சாலை, பாலம், தொடர்வண்டி, துறைமுகம் எனப் போக்குவரத்துப் பணிகளுக்காக அரசு ஆண்டுதோறும் பெருந்தொகையைச் செலவிடுகிறது. அது மக்கள் செலுத்தும் வரிப்பணம். இன்று மக்களின் பேராளர்கள் வாக்களித்த பின்னரே அப்பணம் வழங்கப்படுகிறது. செலவான பின் பொதுக்கணக்குக் குழு அதனை ஆராய்கிறது. இவ்வுரிமைகள் இல்லாத காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் அயலார் அரசிடம் அச்சமின்றிக் கணக்குக் கேட்ட ஓர் ஆசிரியரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

எட்டு ரூபாயின் அருமை

கோபாலகிருஷ்ண கோகலே 1866 ஆம் ஆண்டு மே 9 ஆம் நாள், இன்றைய மகாராட்டிர மாநிலத்தின் இரத்தினகிரி மாவட்டத்திலுள்ள கோட்லுக் என்னும் சிற்றூரில் பிறந்தார். பதின்மூன்றாம் வயதில் தந்தையை இழந்தார். அண்ணன் கோவிந்தர் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குச் சென்றார். மாதம் பதினைந்து ரூபாய் ஊதியம் பெற்ற அவர், அதில் எட்டு ரூபாயைத் தம்பியின் கல்விக்கு அனுப்பினார். ஒவ்வொரு காசும் யாரோ ஒருவருடைய உழைப்பு என்பதைக் கோகலே நூல்களில் கற்கும் முன்பே வாழ்வில் கற்றார்.

1884 இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், பொருள் ஈட்டும் வழிகளை நாடாமல் புனேயில் ஆசிரியரானார். குறைந்த ஊதியத்தில் இருபது ஆண்டுகள் பணியாற்ற உறுதிபூண்டு, பெர்குசன் கல்லூரியில் கற்பித்தார். பள்ளி மாணவர்க்காக அவர் உருவாக்கிய எண்கணித நூல் பரவலாகப் பயன்பட்டது. நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே அவருக்கு ஆசானாக அமைந்து, அரசின் அறிக்கைகளையும் புள்ளிவிவரங்களையும் வரி விடாமல் படித்து ஆராயும் முறையைப் பயிற்றுவித்தார்.

இருப்புப்பாதையும் ஈட்டுறுதியும்

1853 ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று பம்பாயிலிருந்து தாணே வரை இந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி ஓடியது. 1900 வாக்கில் இருப்புப்பாதையின் நீளம் ஏறத்தாழ 40,000 கிலோமீட்டராக வளர்ந்திருந்தது. வியக்கத்தக்க இவ்வளர்ச்சியின் பின்னே மக்கள் அறியாத ஒரு கணக்கு இருந்தது.

தொடக்கக் காலப் பாதைகளை அமைத்தவை இங்கிலாந்தின் தனியார் குழுமங்கள். அவை இட்ட முதலுக்கு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வருவாய் கிடைக்கும் என்று அரசு உறுதியளித்தது. நூறு ரூபாய் முதலுக்கு மூன்று ரூபாய் மட்டுமே ஈட்டப்பட்டால், குறையும் இரண்டு ரூபாயை இந்திய அரசின் கருவூலம் ஈடுசெய்யும். எவ்வளவு செலவிட்டாலும் வருவாய் உறுதி என்பதால், சிக்கனத்தைப் பற்றிக் குழுமங்கள் கவலைகொள்ளவில்லை. ஆதாயம் கடல்கடந்து சென்றது. இழப்பு இந்திய உழவனின் தோளில் இறங்கியது.

1897 இல் இந்தியச் செலவினங்களை ஆராய்ந்த வெல்பி ஆணையத்தின் முன் சான்றளிக்கக் கோகலே இலண்டன் சென்றார். நம் சென்னையிலிருந்து ஜி. சுப்பிரமணிய ஐயரும் அவ்வாணையத்தின் முன் சான்றளித்தார். இருப்புப்பாதைகள் விரைந்து பெருகுவதற்கு இந்திய மக்களின் தேவையைவிட, ஆங்கில வணிகரின் நலனே பெரிதும் காரணமாக இருப்பதாக மக்கள் கருதுகின்றனர் என்று கோகலே எடுத்துரைத்தார். செலவைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் வரி செலுத்துவோருக்குச் சிறிதும் இல்லாமையே குறைகளின் வேர் என்பதையும் சுட்டிக்காட்டினார்.

பிழையிலிருந்து பெற்ற பாடம்

அதே பயணத்தில் அவர் ஒரு பெரும் சோதனைக்கு உள்ளானார். புனேயில் கொள்ளைநோய்த் தடுப்புப் பணியின்போது படைவீரர்கள் இழைத்த கொடுமைகள் குறித்து நண்பர்கள் மடல்கள் எழுதியிருந்தனர். அவற்றை நம்பிக் கோகலே இங்கிலாந்தில் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். தாயகம் திரும்பியபோது, அச்செய்திகளை மெய்ப்பிக்கத் தகுந்த சான்று கிடைக்கவில்லை. மடல் எழுதியவர்களின் பெயரை வெளியிட்டுத் தப்பிக்க அவர் விரும்பவில்லை. தாமே பொறுப்பேற்று வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். நாட்டு மக்களே அவரைக் கோழை என்று இகழ்ந்தனர்.

அந்த வடு ஆழமானது. ஆயினும் அவர் பொதுவாழ்விலிருந்து ஒதுங்கவில்லை. சான்றில்லாத சொல் எளியவரின் வழக்கையே தோற்கடித்துவிடும் என்பதை உணர்ந்தவராய், பின்னாளில் அவர் அவைக்குக் கொண்டுசென்ற எண்கள் எதிர்த்தரப்பினரும் மதிக்கும் துல்லியம் பெற்றிருந்தன. ஆசிரியப் பணியாற்றிய ஜி. வி. ஜோஷி என்னும் அறிஞர், புள்ளிவிவரங்களைத் திரட்டுவதில் அவருக்குத் துணைநின்றார்.

வாக்கில்லாத அவையில்

கோகலே வைஸ்ராயின் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். அங்கு வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி உறுப்பினர்கள் பேசலாம். அதன்மீது வாக்களிக்க இயலாது. அத்தகைய அவையில் 1902 ஆம் ஆண்டு மார்ச் 26 அன்று அவர் ஆற்றிய முதல் வரவு செலவுத் திட்ட உரை, நாட்டின் கவனத்தை ஈர்த்தது.

அரசு பல கோடி ரூபாய் மிகுதி காட்டியிருந்தது. பஞ்சமும் கொள்ளைநோயும் வாட்டிய காலத்தில் மிகுதி எவ்வாறு வந்தது என்று கோகலே ஆராய்ந்தார். அது நாட்டின் செழிப்பைக் காட்டவில்லை; தேவைக்கு மேல் தண்டப்பட்ட வரியையே காட்டியது என்பதை எண்களால் நிறுவினார். ஏழையின் உப்பின்மீது விதிக்கப்பட்ட வரியைக் குறைக்க வேண்டினார். மணங்கு ஒன்றுக்கு இரண்டரை ரூபாயாக இருந்த உப்புவரி 1903 முதல் படிப்படியாகக் குறைந்து, 1907 இல் ஒரு ரூபாயாயிற்று. அவருடைய குரல் மட்டுமே இதற்குக் காரணம் என்று கூற இயலாது. எனினும் இடைவிடாது ஒலித்த குரல்களுள் அதுவே முதன்மையானது.

மிகுதிப் பணத்தை அரசு இருப்புப்பாதை அமைக்கும் பணிக்குத் திருப்பியதைக் கோகலே ஆண்டுதோறும் எதிர்த்தார். தொடர்வண்டியின் பயனை அவர் மறுத்தவரல்லர். செலவின் வரிசை முறையையே வினவினார். இருப்புப்பாதை வருவாய் தரும் முதலீடு. அதனைக் கடன் பெற்று அமைக்கலாம். ஈட்டும் வருவாயால் வட்டியைச் செலுத்தலாம். பள்ளிக்கும் குடிநீருக்கும் ஊர்த் தூய்மைக்கும் அவ்வாறு எவரும் கடன் தருவதில்லை. ஆகவே மிகுதிப் பணம் அவற்றுக்கே உரியது என்பது அவர் வாதம். பஞ்சத்தில் தானியத்தைக் கொண்டுசெல்லத் தண்டவாளம் வேண்டும்; பஞ்சமே வாராமல் காக்கப் பாசனம் வேண்டும் என்பதும் அவர் நோக்கு.

1909 ஆம் ஆண்டுச் சட்டம், தீர்மானங்களைக் கொண்டுவரும் உரிமையை உறுப்பினர்களுக்கு அளித்தது. அரசுத் தரப்பே பெரும்பான்மையாக இருந்ததால் தோல்வி உறுதி என்பதை அறிந்தும் கோகலே அவ்வுரிமையைப் பயன்படுத்தினார். பொதுச் செலவின் பெருக்கத்தை ஆராய வேண்டுமென 1911 இல் தீர்மானம் கொண்டுவந்தார். அவ்வாண்டிலேயே அவர் முன்மொழிந்த தொடக்கக் கல்வி மசோதா, 1912 இல் 13 வாக்குகளுக்கு எதிராக 38 வாக்குகளால் தோற்றது.

விதைத்தவர் மறைந்தார்

1905 இல் காங்கிரசு மாநாட்டிற்குத் தலைமை ஏற்றதும், அவ்வாண்டே இந்திய ஊழியர் சங்கத்தைத் தோற்றுவித்ததும், காந்தியடிகள் தம் அரசியல் குருவாக அவரைப் போற்றியதும் நாடறிந்தவை. ஓயாத உழைப்பு உடலை நலிவித்தது. 1915 ஆம் ஆண்டு பிப்ரவரி 19 அன்று, தம் நாற்பத்தெட்டாம் வயதில் கோகலே மறைந்தார்.

அவருக்குப்பின் இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமையை ஏற்றவர், குடந்தையை அடுத்த வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார். 1920 இல் இந்திய இருப்புப்பாதைகளை ஆராய அமைக்கப்பட்ட அக்வொர்த் குழுவில் அவரும் ஓர் உறுப்பினரானார். குரு அவையில் எழுப்பிய வினாக்களை ஆராயும் பொறுப்பு மாணவரின் கைக்கு வந்தது. அக்குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1924 இல் தொடர்வண்டித் துறையின் நிதி பொது நிதியிலிருந்து பிரிக்கப்பட்டது. அத்துறையின் வரவும் செலவும் மன்றத்தின் முன் தனியே விரித்து வைக்கப்பட்டன. இத்தனி நிதிநிலை அறிக்கை முறை 2017 வரை நீடித்தது.

கோகலே தம் வாழ்நாளில் ஒரு வரவு செலவுத் திட்டத்தையும் வாக்கால் மாற்றியவரல்லர். ஆட்சியாளர் விடை சொல்லியே ஆகவேண்டிய வினாக்களை எழுப்பியவர். அவ்வினாக்களை எழுப்பும் உரிமை இன்று நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. உண்மையை உறுதிசெய்துகொண்டு, அதனை அச்சமின்றிப் பயன்படுத்துவதே அப்பெருமகனாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நடைபெற்ற சாலை அல்லது பாலப் பணி ஒன்றின் தேவை, பயன் ஆகியவற்றை ஊர் மக்களிடம் கேட்டறிந்து ஒரு பக்க அறிக்கை எழுதுக.
2. புதிய இருப்புப்பாதை, பள்ளிக் கட்டடம், குடிநீர்த் திட்டம் ஆகிய மூன்றில் எதற்கு முதலிடம் தரலாம் என்பது குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.