விடுமுறையை நூலகத்துக்கு அளித்த ஆசிரியர் பி.என்.பணிக்கர்: எல்லையோரத் தமிழர் அறிய வேண்டிய வாழ்க்கை

பாலக்காடு, ஜூன் 19: கேரளத்தில் ஆண்டுதோறும் ஜூன் 19 வாசிப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அம்மாநிலத்தின் கிராம நூலக இயக்கத்தை உருவாக்கிய பி.என்.பணிக்கர் 1995ஆம் ஆண்டு இதே நாளில் மறைந்தார். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு எனத் தமிழர் செறிந்து வாழும் எல்லைப் பகுதிகளும் அவரது பணியின் பரப்புக்குள் அடங்கியவையே. ஆயினும் அவரது பெயர் தமிழ் வாசகரிடையே போதிய அளவு அறியப்படவில்லை.

புதுவாயில் நாராயண பணிக்கர் 1909 மார்ச் 1 அன்று குட்டநாட்டின் நீலம்பேரூரில் பிறந்தார். 1926இல், பதினேழு வயதில், சொந்த ஊரில் சனாதன தர்மம் என்ற நூலகத்தைத் தொடங்கினார். பின்னர் ஆசிரியப் பணியில் சேர்ந்தபோதும் இந்த ஈடுபாடு குறையவில்லை. ஊதியம் தந்தது பள்ளி. மாலை வேளைகளையும் விடுமுறை நாட்களையும் எடுத்துக்கொண்டது நூலகம். அன்றைய கிராம நூலகம் என்பது பெரும்பாலும் ஓர் அறை, ஓர் அலமாரி, வீடு வீடாகக் கேட்டுப் பெற்ற சில நூல்கள், அவற்றைக் காக்கச் சம்பளமின்றி முன்வந்த ஒருவர் என்ற அளவிலேயே இருந்தது.

இத்தகைய நூலகங்கள் தனித்தனியே நின்றால் தொடங்கியவரின் ஆர்வம் தளரும்போதே மூடப்பட்டுவிடும். பணிக்கர் இதை உணர்ந்ததே அவரை மற்ற ஆர்வலர்களிடமிருந்து வேறுபடுத்துகிறது. 1945 செப்டம்பர் 14 அன்று அம்பலப்புழையின் பி.கே. நினைவு நூலகத்தில் 47 நூலகங்களின் பிரதிநிதிகளை அவர் ஒன்றுகூட்டினார். அங்கே திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கம் உருவானது. இன்றும் கேரளத்தில் செப்டம்பர் 14 நூலக நாளாகும்.

எல்லைப் பகுதிகளின் வரலாறு இங்கே சற்றுச் சிக்கலானது. தேவிகுளமும் பீர்மேடும் அப்போது திருவிதாங்கூரில் இருந்தன. சித்தூர் கொச்சி அரசுக்கு உட்பட்டது. பாலக்காடோ மலபாரின் பகுதியாகச் சென்னை மாகாணத்தில் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1948இல் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதனின் முயற்சியால் வந்த அச்சட்டம், சொத்து வரியுடன் நூலக வரி வசூலிக்க வழிசெய்தது. ஒரு பக்கம் சட்டமும் வரியும். மறுபக்கம் ஊராரின் உழைப்பும் நன்கொடையும். 1956இல் கேரள மாநிலம் உருவானபோது இவ்விரு மரபுகளும் ஒரே மாநிலத்துக்குள் வந்தன. பணிக்கரின் அமைப்பும் கேரள கிரந்தசாலை சங்கமாக விரிந்தது.

அதன் பொதுச் செயலாளராக அவர் ஊர் ஊராகச் சென்றார். 1970இல் மாநிலத்தின் வடகோடியான காசர்கோட்டுக்கும் தென்கோடியான பாறசாலைக்கும் இடையே வாசிப்பை வலியுறுத்தி நடைப்பயணம் நடத்தப்பட்டது. 1975இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருது சங்கத்துக்குக் கிடைத்தது.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1977இல் சங்கத்தின் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டி வளர்த்த அமைப்பிலிருந்து பணிக்கர் விலக நேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 68. ஓய்வெடுத்திருந்தால் எவரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். அவரோ அதே ஆண்டில் கான்ஃபெட் என்ற முறைசாராக் கல்வி அமைப்பைத் தொடங்கி, எழுத்தறியாத முதியவர்களுக்குக் கற்பிக்கும் பணியில் இறங்கினார். நூலகம் இருந்தும் படிக்கத் தெரியாதவருக்கு அதனால் என்ன பயன் என்ற கேள்வி அவரை அங்கே கொண்டு சென்றது எனலாம். 1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டதை அவர் கண்டார். அதற்கு முன்பே, 1989இல் நிறைவேறிய கேரளப் பொது நூலகச் சட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட நூலக கவுன்சிலுக்கு வழிவகுத்திருந்தது.

பணிக்கர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், இடுக்கியின் இடமலக்குடியில், காட்டின் நடுவே தேநீர்க் கடை நடத்திய ஒருவர், ஆசிரியர் ஒருவரின் துணையோடு தம் கடையிலேயே நூலகம் அமைத்தார். முதுவான் பழங்குடியினர் வாழும் அந்தச் சிற்றூரில் இருந்தவை ஏறத்தாழ 160 நூல்கள். உறுப்பினர் கட்டணம் 25 ரூபாய். மாதச் சந்தா 2 ரூபாய். முதுவான்களின் பேச்சு தமிழுக்கு நெருக்கமானது. தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களது மரபுக் கதை. அந்தத் தேநீர்க் கடை நூலகத்தில் சிலப்பதிகாரமும் இருந்தது, மலையாள மொழிபெயர்ப்பில்.