குழந்தைகளின் மன்றத்தில் நின்ற ஆசான்

நம் பிள்ளைகளுக்குப் பிறரோடு கூடி வாழும் முறையைக் கற்பிக்க விழைவோர் அறியத்தக்கது, போலந்து நாட்டு யானுஷ் கோர்ச்சாக்கின் சரிதையாகும். ஹென்றிக் கோல்ட்ஷ்மிட் என்பது இவர்தம் இயற்பெயர். வார்சா நகரில் யூத குலத்திற் பிறந்து, குழந்தை மருத்துவராய் விளங்கிய இவர், 1912ஆம் ஆண்டில் யூத அனாதைப் பிள்ளைகளின் இல்லத்திற்குத் தலைமை ஏற்றார். ஸ்டெபானியா வில்ச்சின்ஸ்கா அம்மையார் இறுதிவரை அவருக்குத் துணைநின்றார்.

வறுமையிலும் இழிவுரையிலும் வளர்ந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் ஏசினர், அடித்தனர். இதற்குப் பிரம்பும் மருந்தன்று, நீதிபோதனையும் மருந்தன்று எனத் தெளிந்த கோர்ச்சாக், பிள்ளைகளே தீர்ப்பளிக்கும் மன்றம் ஒன்றை நிறுவினார். அவ்வாரத்தில் வழக்கில் அகப்படாத பிள்ளைகளுள் சிலர், சீட்டுக் குலுக்கி நீதிபதிகளாய்த் தெரிந்தெடுக்கப்பட்டனர். சட்டத்தின் முதற் பிரிவுகள் யாவும் மன்னிப்பையே மொழிந்தன. இல்லத்தினின்று நீக்குதல் ஆயிரமாம் பிரிவாக இறுதியில் நின்றது. அடிபட்டவன் திருப்பி அடியாது முறையிடக் கற்றான். அடித்தவன் பிறன் குறையைச் செவிமடுக்கக் கற்றான்.

அரையாண்டிற்குள் ஐந்து முறை கோர்ச்சாக்கே அம்மன்றத்தில் நின்றார். ஒரு சிறுவனைக் காதில் அறைந்தது ஒரு வழக்கு. ஒரு சிறுமியைத் திருடியவளென ஐயுற்றது மற்றொன்று. அதனால் அவர் மதிப்புக் குன்றவில்லை. ஆசிரியரின் அன்பு ஒருநாள் இருக்கும், ஒருநாள் இராது. பிள்ளையைக் காப்பது முறைமையே என அவர் உணர்ந்தார்.

நாஜிகளின் ஆட்சியில், 1940இல் அவ்வில்லம் மதில்சூழ்ந்த யூதச் சேரிக்குள் தள்ளப்பட்டது. அங்கே 1942 ஜூலை 18ஆம் நாள், தாகூரின் அஞ்சல் நிலைய நாடகத்தைப் பிள்ளைகள் நடித்தனர். சாவை அஞ்சாது எதிர்கொள்ளும் சிறுவனின் கதை அது. ஆகஸ்டு முதல் வாரத்தில் ஏறத்தாழ இருநூறு பிள்ளைகள் திரெப்ளிங்காக் கொலைக்களத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தப்பும் வாய்ப்பை மறுத்த கோர்ச்சாக், அம்மையாருடன் பிள்ளைகளோடே சென்று உயிர்நீத்தார்.

அன்பர்களே! பவாரணை நாளில், தம் செயலிலோ சொல்லிலோ குற்றம் கண்டதுண்டோ எனப் பகவன் புத்தரே சங்கத்தாரை வினவினார். பாபாசாகேப் நமக்காகக் கேட்டதும் பிறர் இரக்கத்தை அன்று, உரிமையையே. அவ்வுரிமையை நம் பிள்ளைகளுக்கு நாம் அளித்தோமா? அளிக்காத பிள்ளைக்குப் பிறரை மதிக்கும் பண்பு எங்ஙனம் வரும்? ஆண்டுக்கொருமுறை பவாரணை நாளிலேனும், நம் தம்மப் பள்ளிகளில் ஆசிரியர்கள் பிள்ளைகளின் முன் அமர்ந்து தம் குறையைக் கேட்பாராக.