கல்கியும் நாடு கடத்தப்பட்ட இளவரசனும்

2022 செப்டெம்பர் 30 ஆம் திகதி மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' வெளியானபோது லண்டனில் நாங்கள் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தோம். தமிழ்ப் படம் என்றாலே சாட்டுச் சொல்லும் பிள்ளைகளும் வந்தார்கள். திரும்பி வரும்போது காரில் அவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். ஷெல்லடி, இடப்பெயர்வு எல்லாம் கண்ட நீங்கள் எப்படி இந்த ராசா ராணிக் காதல் கதைகளை இவ்வளவு ஆசையாக வாசித்தீர்கள்? எங்களிடம் உடனே பதில் இருக்கவில்லை. கதை எழுதியவரின் வாழ்க்கையில் அந்தப் பதில் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

ரா. கிருஷ்ணமூர்த்தி 1899 செப்டெம்பர் 9 ஆம் திகதி மாயவரத்துக்கு அருகே புத்தமங்கலம் என்ற சிறிய ஊரில் பிறந்தார். பொன்னி பாயும் நாடு. திருச்சியில் படித்துக்கொண்டிருந்தவர், 1921 இல் காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் அழைத்ததும் பள்ளி இறுதிப் பரீட்சையைக்கூட எழுதாமல் வெளியேறினார். அடுத்த ஆண்டே ஒரு வருடச் சிறை. படிப்புக்கு ஒரு சான்றிதழாவது இருக்கவேண்டும் என்று அடித்து வளர்க்கப்பட்ட யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இது கொஞ்சம் வயிற்றைக் கலக்கும் செய்திதான்.

சிறையால் வந்தபின் திரு. வி. க. நடத்திய 'நவசக்தி'யில் வேலை செய்தார். பின்னர் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் இராஜாஜியோடு இருந்து 'விமோசனம்' என்ற மதுவிலக்குச் சஞ்சிகைக்கு உழைத்தார். முப்பதுகளில் எஸ். எஸ். வாசனின் 'ஆனந்த விகட'னில் அவருடைய பேனா வீடு வீடாகப் போனது. நகைச்சுவை, அரசியல், 'கர்நாடகம்' என்ற பெயரில் இசை விமர்சனம், 'கள்வனின் காதலி', 'தியாக பூமி' என்று எதை எழுதினாலும் சனம் வாசித்தது.

1941 இல் தனிநபர் சத்தியாக்கிரகத்துக்காக மீண்டும் சிறை போனார். வெளியே வந்தபோது விகடனில் அவருக்கு இடமில்லை. நாற்பதைத் தாண்டிய வயது, மனைவி, இரண்டு பிள்ளைகள், உலகப் போர் நடக்கும் காலம். நண்பர் சதாசிவமும் அவரும் சேர்ந்து சொந்தமாகப் பத்திரிகை தொடங்கினார்கள். கணக்கு எழுதிப் பிழைக்கிற எங்களுக்கு இதன் முதலீடு எங்கிருந்து வந்தது என்பதில் தனி அக்கறை உண்டு. சதாசிவத்தின் மனைவி எம். எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக ஆண் வேடம் போட்டு நடித்தார். அந்தச் சம்பளம்தான் மூலதனம். எந்த வங்கி மனேஜரும் கையெழுத்து வைக்கமாட்டார். ஆனால் 1941 ஓகஸ்டில் 'கல்கி' வெளிவந்து நிலைத்துவிட்டது.

அந்த ஆண்டிலேயே அதில் 'பார்த்திபன் கனவு' தொடங்கியது. கல்கியின் முதல் சரித்திர நாவல் அதுதான். தமிழின் முதல் சரித்திர நாவலாகக் கருதப்படுவது 1895 இல் வந்த 'மோகனாங்கி'. அதை எழுதியவர் எங்கள் திருகோணமலைச் சரவணமுத்துப்பிள்ளை. சந்தர்ப்பம் கிடைத்தால் சொல்லாமல் விடமாட்டோம்.

'பார்த்திபன் கனவு' கதை இதுதான். பல்லவருக்குக் கப்பம் கட்ட மறுத்த சோழச் சிற்றரசன் பார்த்திபன் போர்க்களத்தில் மடிகிறான். மகன் விக்கிரமன் கொடியை உயர்த்தப் போய்ப் பிடிபட, பல்லவச் சக்கரவர்த்தி நரசிம்மவர்மர் அவனை நாடு கடத்துகிறார். திரும்பி வந்தால் மரண தண்டனை. கடலுக்கு அப்பால் செண்பகத் தீவில் அவன் அரசனாகவே ஆகிவிடுகிறான். என்றாலும் மனம் அங்கே நிற்கவில்லை. தாயையும், காவிரியையும், புறப்படும்போது கண்ட பல்லவ இளவரசி குந்தவியையும் நினைத்து, இரத்தின வியாபாரி வேடத்தில் திரும்பி வருகிறான்.

எங்களில் பலர் இதை ஊரில் பள்ளிக்கூடக் காலத்தில் முதல் முறை வாசித்தோம். சஞ்சிகைப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து, மட்டை போட்டு, வீட்டுக்கு வீடு கைமாறிய புத்தகங்கள் அவை. எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகள் வருவது கட்டுப்படுத்தப்பட்டபோது அந்தப் பழைய கட்டுகளின் மதிப்பு இன்னும் கூடியது. குந்தவியின் கண்ணும் குதிரைச் சவாரியும்தான் அப்போது எங்களுக்குப் பிடித்தன.

இரண்டாம் முறை வாசித்தது லண்டனில். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, அகதி விண்ணப்பத்துக்கு முடிவில்லாத காத்திருப்பு. இறுதியில் நீல நிறப் பயண ஆவணம் வந்தது. எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும், பிறந்த நாட்டைத் தவிர என்று அதில் அச்சிட்டிருந்தது. செண்பகத் தீவில் விக்கிரமனுக்குச் சிம்மாசனமே கிடைத்தும் ஏன் நித்திரை வரவில்லை என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

கதையின் முடிவு வேறு விதமாகத் தாக்கியது. வழி நெடுக விக்கிரமனைக் காப்பாற்றிய சிவனடியார் வேறு யாருமல்ல, அவனை நாடு கடத்திய அதே நரசிம்மவர்மர்தான். துரத்திய அரசனே வேடம் போட்டு வந்து பாதுகாக்கிறான், தன் மகளையும் கொடுத்து நாட்டையும் திருப்பித் தருகிறான். எந்த அகதிக்கும் நடக்காத கதை. அதனால்தான் விடியும்வரை வாசித்தோம். கண்டுபிடிக்கப்பட முடியாத ஆபத்து கல்கியின் உலகில் இல்லை. மரத்தின் பின்னால் எப்போதும் ஒருவர் உதவிக்கு நிற்பார். பகைவருக்கும் ஒரு நெஞ்சு இருக்கும். அந்த இரவுகளில் எங்களுக்கு அப்படி ஒரு உலகம் தேவைப்பட்டது. அதை வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை.

மணிக்கொடி எழுத்தாளர்களுக்கு அவரைப் பிடிக்காது. வெறும் சுவாரசியம் என்றும், வெளிநாட்டுக் கதைகளின் சாயல் என்றும் குற்றம் சொன்னார்கள். ஸ்கொட், டூமா ஆகியோரின் நிழல் அவரில் உண்டு என்பது உண்மை.

எங்களுடைய மனக்குறை வேறு. 'பொன்னியின் செல்வன்' 1950 ஒக்டோபரிலிருந்து 1954 மே வரை, மூன்றரை ஆண்டு வாராவாரம் வந்தது. அதில் பூங்குழலி வந்தியத்தேவனைக் கடல் கடத்தி எங்கள் கரைக்குக் கொண்டுவருகிறாள். மாதோட்டம் வருகிறது, அனுராதபுரம் வருகிறது. பிக்குகள் கொடுக்க முன்வந்த இலங்கை முடியை அருள்மொழிவர்மன் ஏற்க மறுக்கிறான். இலங்கைக்கு நேரில் வந்து பார்த்துவிட்டு, அந்த மண்ணை அன்போடு எழுதியவர் கல்கி. ஆனால் அதே இளவரசன் இராசராசன் என்று முடிசூடிய பின் அவனது படைகள் அனுராதபுரத்தை அழித்துப் பொலன்னறுவையில் ஆட்சி நடத்தின. நாவல் அதற்கு முன்பே, முடியை உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுக்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. சிங்களப் பிள்ளைகள் அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பாடத்தில் படித்தார்கள். நாங்கள் முதல் பாதியை மட்டும் கதையாகப் படித்தோம். ஒரே மனிதனைப் பற்றி இரண்டு வீடுகளில் இரண்டு கணக்குப் புத்தகங்கள். இதை நாங்கள் உணர ஐம்பது வயதானது. அதனால் கல்கி மீதுள்ள அன்பு குறையவில்லை, ஆனால் இப்போது வாசிக்கும்போது அந்த இடத்தில் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மடித்து வைக்கிறோம்.

அவர் எழுதியது மட்டுமில்லை. எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் கட்டத் தன் வாசகர்களிடம் நிதி சேர்த்தார். 1947 இல் அது திறக்கப்பட்டது. 'மீரா' படத்துக்குப் பாட்டெழுதினார்.

'பொன்னியின் செல்வன்' முடிந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. 1954 டிசெம்பர் 5 ஆம் திகதி கல்கி காலமானார். வயது 55. இதை வாசிக்கும் எங்களில் பலர் அந்த வயதைத் தொட்டுவிட்டோம், சிலர் தாண்டிவிட்டோம். 'அலை ஓசை'க்குச் சாகித்திய அக்கடமி விருது அவர் போனபின் 1956 இல் வந்தது. பாதியில் நின்ற 'அமரதாரா'வை மகள் ஆனந்தி எழுதி முடித்தார்.

அவரது எழுத்துகளைத் தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது. மதுரைத் திட்டம் என்ற தன்னார்வ மின்னூலகத்தில் யாரும் இலவசமாக எடுக்கலாம். மூன்றாம் முறை 'பார்த்திபன் கனவை' வாசிப்பது ஜூபிலி ரயிலில், தொலைபேசித் திரையில். பக்கத்தில் இருந்து எட்டிப் பார்க்கும் மகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். விக்கிரமன் மாமல்லபுரத்தில் வந்து இறங்கிய இடம் வரை வாசித்துக் காட்டியாயிற்று. மிச்சம் நாளைக்கு.