மயிலாடி தந்த மகாராசன் வேதமாணிக்கம்

தமிழகத்தின் தென்கோடியில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கும் குமரிமுனைக்கும் இடையே மயிலாடி என்னும் ஊர் உள்ளது. கல்லில் தெய்வத் திருவுருவங்களைச் செதுக்கும் சிற்பிகளால் இன்று பெயர் பெற்று விளங்கும் ஊர் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வூரின் சாம்பவர் குடியில் ஒருவர் தோன்றினார். மகாராசன் என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர். அந்நாளைய திருவிதாங்கூர் நாட்டில் அக்குடியினர்க்கு அப்பெயரைச் சூட்டிக்கொள்ள முடிந்ததேயன்றி, அப்பெயருக்குரிய மதிப்பில் ஓர் அணுவளவும் கிடைத்ததில்லை. பின்னாளில் வேதமாணிக்கம் எனப் பெயர் பெற்று, தென் திருவிதாங்கூர்ச் சீர்திருத்தத் திருச்சபைக்கும் அதன் வழியே அப்பகுதியின் கல்விக்கும் வித்திட்டவர் இவரே.

திருத்தணியில் வெளிவரும் இம்மலரில் குமரி நாட்டவர் ஒருவர்க்கு இடமேன் என்று சிலர் வினவக்கூடும். திருத்தணியும் மயிலாடியும் தமிழகத்தின் இரண்டு ஓரங்கள். மயிலாடியைத் தன்னகத்தே கொண்ட கன்னியாகுமரிப் பகுதி 1956 நவம்பர் 1-ஆம் நாளிலும், நம் திருத்தணி 1960 ஏப்ரல் 1-ஆம் நாளிலும் தமிழகத்தோடு இணைந்தன. எல்லையோரத்தில் வாழ்பவர்க்கு இரு ஆட்சிகளின் பாரமும் தெரியும். எங்கும் கடைக்கோடியில் நிறுத்தப்படுதல் எத்தகையது என்பதும் தெரியும். அண்ணல் அம்பேத்கர், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசனார் ஆகியோரை நம் மாணவர் ஓரளவு அறிவர். அவர்களுக்கெல்லாம் முன்னரே தலைநிமிர்ந்த மகாராசனை அறியார். ஆதலின் இவரைத் தேர்ந்தோம்.

மகாராசன் அடிமையாகப் பிறந்தவரல்லர். சிறிது நிலபுலமுடைய உழவர் குடும்பத்தவர். ஆயினும் அவருடைய குலத்தாருட் பெரும்பாலோர் அடிமைகள். ஈண்டு அடிமை என்பது அணி நயம் கருதிச் சொல்லும் சொல்லன்று. திருவிதாங்கூரில் பறையர், புலையர் முதலிய குடிகள் நிலத்தோடும் நிலமின்றியும் விற்கப்பட்டனர், அடகு வைக்கப்பட்டனர், குத்தகைக்கும் விடப்பட்டனர். 1836-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டின் பன்னிரண்டே முக்கால் இலட்சம் மக்களுள் ஒரு இலட்சத்து அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அடிமைகள். எட்டுப் பேரில் ஒருவர் என்று கொள்ளலாம். முழு விடுதலைக்கான அரசாணை 1855-இல்தான் பிறந்தது.

மகாராசன் சிவபத்தி மிக்கவர். மன அமைதி நாடி, 1799-ஆம் ஆண்டளவில், தென்கோடியிலிருந்து தில்லைச் சிதம்பரத்துக்கு யாத்திரை சென்றார். அத்தனை காதம் கால் தேய நடந்தாலும், கோயிலின் புறத்தே நிற்கும் உரிமைக்கு மேல் அவர் குலத்தார்க்கு அந்நாளில் ஏதுமில்லை. தேடிச் சென்றது கிட்டாமல் உளம் நொந்து திரும்பினார் என்று திருச்சபை வரலாறுகள் கூறுகின்றன.

இவ்விடத்தில் நந்தனாரை நினையாதிருக்க நம்மால் இயலவில்லை. பெரியபுராணம் போற்றும் அத்திருநாளைப்போவாரும் நம்மவரே; அவர் நாடியதும் இதே தில்லையே. அவர் தீயில் மூழ்கி வேற்றுருக் கொண்ட பின்னரே உள்ளே சென்றார் என்பது புராணம். அடியவரின் பத்தியை நாம் வணங்குகின்றோம். ஆயின் அன்பனின் உடம்பு மாறவேண்டியிருந்ததேயன்றிக் கோயிலின் வாயில் மாறவில்லையே என்னும் வருத்தம் நமக்குண்டு. மகாராசன் தீப்புகவில்லை, திரும்பி நடந்தார்.

ஊர் திரும்பும் வழியில் தஞ்சையில் தங்கினார். புகழ்பெற்ற சுவார்ட்சு ஐயர் 1798-இல் மறைந்த பின், அவர்தம் மாணாக்கராகிய கோலாப் ஐயர் அங்கே சபையை நடத்தி வந்தார். அவர் ஆற்றிய அருளுரையைச் செவிமடுத்த மகாராசன், சில நாள் அங்கேயே இருந்து கேட்டுத் தெளிந்து, திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆனார்.

அங்கே அவர் கேட்டறிந்த சமயத்தின் நடுக்கொள்கையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். பவுல் அடிகளார் பிலிப்பி நகரச் சபைக்கு எழுதிய மடலின் இரண்டாம் அதிகாரம் அதனைச் சில வரிகளில் அடக்கித் தருகின்றது. கிறித்து இறைத்தன்மை உடையவர். அம்மேன்மையை இறுகப் பற்றிக்கொள்ளாமல் தாமே களைந்தார். அடிமையின் வடிவை ஏற்றார். மானிடராய்ப் பிறந்து, சிலுவைச் சாவு வரை பணிந்து சென்றார். அதனால் இறைவன் அவரை எல்லார்க்கும் மேலாக உயர்த்தி, எப்பெயருக்கும் மேலான பெயரை அளித்தார். மானிடர் மீட்படைதல் இத்தாழ்வாலும் பலியாலும் உயர்வாலுமே என்பது கிறித்தவர் நம்பிக்கை. பிலிப்பி என்பது ஓய்வுபெற்ற உரோமைப் படைவீரர் குடியேறிய நகரம்; உரோமைக் குடியுரிமையைப் பெருமையாகக் கருதியோர் வாழ்ந்த ஊர். சிலுவையோ அடிமைகளுக்கும் கலகக்காரர்க்கும் உரிய தண்டனை. அந்நகரத்தார்க்கு இச்செய்தி எவ்வளவு கூச்சம் தந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

நம் ஊரார்க்கு இறைவன் இறங்கி வருதல் புதுமையன்று. தணிகை வேலன் குறமகள் வள்ளியை நாடித் தினைப்புனத்துக்கு வந்ததும், கிழவன் வேடம் பூண்டு அவள்பால் தேனும் தினைமாவும் வாங்கி உண்டதும் நாம் சிறுவயது முதல் கேட்டு மகிழ்ந்த கதை. ஆயின் அங்கே வேடம் கலைந்ததும் முருகன் முருகனே. இங்கே சொல்லப்படுவது வேடமன்று. அடிமையாகவே வாழ்ந்து அடிமைக்குரிய சாவையே அடைந்ததாகும். ஆடிக் கிருத்திகையன்று காவடி சுமந்து முந்நூற்று அறுபத்தைந்து படிகளையும் அன்பன் ஏறுகின்றான். இக்கொள்கையிலோ படியிறங்குபவர் இறைவன்.

அடிமைச் சந்தை நடந்த நாட்டிலிருந்து வந்த ஒருவர் செவியில் இச்செய்தி எவ்வாறு விழுந்திருக்கும்? பிறர்க்கு இது ஞானப்பொருள். அவர்க்கோ தம் உற்றாரின் வடிவத்தை இறைவன் ஏற்றார் என்னும் நேர்ப்பொருள். எந்த உருவத்தைக் கண்டு உயர்குலத்தார் வழி விலகச் சொன்னார்களோ, அந்த உருவமே.

தமிழாசிரியர் அறிந்த இலக்கணக் குறிப்பு ஒன்று இவ்விடத்திற்கு உதவும். தாழ்ந்தார் என்பது தன்வினை. தாழ்த்தப்பட்டார் என்பது செயப்பாட்டுவினை. முன்னதில் எழுவாயே வினைமுதல். பின்னதில் வினைமுதல் வேறொருவர், அவர் பெரும்பாலும் வாக்கியத்தில் தோன்றாமல் மறைந்து நிற்பார். கிறித்துவின் தாழ்மை தன்வினை. நம் மக்களின் தாழ்வு செயப்பாட்டுவினை. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவனைப் பார்த்து இன்னும் தாழ்ந்திரு என்று போதிப்போர் எல்லாச் சமயத்திலும் உண்டு. அது போதனையன்று, பழைய பாரத்துக்குப் புதிய உறை. வேதமாணிக்கம் அவ்வாறு புரிந்துகொள்ளவில்லை என்பதற்கு அவர் அதன்பின் வாழ்ந்த வாழ்வே சான்று. மேலிருப்பவர் இறங்கி வந்துவிட்டபடியால், கீழே கிடந்தவர் எழலாம் என்றே அவர் கொண்டார்.

மயிலாடி திரும்பியவர் முதலில் தம் உறவினர்க்குத் தாம் கேட்டதைக் கூறினார். பகையும் இடுக்கண்ணும் வந்தன. ஆயினும் தங்களுக்கு ஒரு போதகரும் பள்ளியும் வேண்டுமென்று அவர் உறுதி கொண்டார். இலண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் 1804-இன் இறுதியில் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் பயின்றுகொண்டிருந்த ரிங்கல்தௌபே என்னும் செருமானியரை நாடிச் சென்று அழைத்தார். பிறர் கூடித் தமக்காக ஏதேனும் செய்வர் என்று காத்திராமல், நெடுவழி நடந்து ஆசிரியரைத் தேடிய இச்செயலே நம் சங்கத்தார்க்கு இவர்பால் மிகுந்த மதிப்பை ஏற்படுத்துகின்றது.

ரிங்கல்தௌபே 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழி வழியே மயிலாடி வந்தார். கோயில் கட்ட இசைவு எளிதில் கிட்டவில்லை. ஆங்கிலப் பிரதிநிதி மெக்காலே துணை நின்றும், திவான் வேலுத்தம்பி தளவாயின் காலத்தில் அது கைகூடாதிருந்தது. 1809-இல் தளவாயின் கிளர்ச்சி முடிந்த பின்னரே மயிலாடியில் சிறு ஆலயம் எழுந்தது. கிளர்ச்சி நாட்களில் வேதமாணிக்கமும் அவரைச் சார்ந்தோரும் மலைப்புறங்களில் ஒளிந்து வாழ்ந்தனர் என்பர். அதே காலத்தில் பள்ளியும் தொடங்கிற்று. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி தன் வரலாற்றை 1809-இல் மயிலாடியில் தோன்றிய அப்பள்ளியிலிருந்தே கணக்கிடுகின்றது.

ரிங்கல்தௌபே விந்தையான மனிதர். சிறு குடிலில் வாழ்ந்தார். தமக்கு வரும் ஊதியத்தைப் பெரும்பாலும் ஏழைகட்கும் உபதேசியார்க்கும் பகிர்ந்தளித்தார். 1816-இல் உடல்நலம் குன்றி விடைபெற்றுச் சென்னைக்கு வந்தபோது, கடற்பயணம் செல்லவிருந்தும் மேற்சட்டைகூட இல்லாமல், நாட்டு ஓலைத்தொப்பி ஒன்றை அணிந்து நின்றாராம். ஐரோப்பியர்க்கு அது வியப்பாயிருந்தது. தாழ்மை யாருக்கு உரிய கடமை என்பதை அவர் சொல்லாமற் காட்டினார் என்றே நாம் கருதுகின்றோம்.

ஆயினும் அவரை நாம் முழுதும் ஒப்பவில்லை. சபையில் சேர வந்தோர் பலர் தலைவரியிலிருந்தும் ஊழியம் என்னும் கூலியற்ற கட்டாய வேலையிலிருந்தும் தப்பவே வருகின்றனர் என்று அவர் கடிந்து எழுதினார். வந்தவர் நோக்கம் அதுவாகவே இருக்கட்டும், அதில் இழுக்கென்ன? மதிய உணவை நாடிப் பள்ளிக்கு வரும் பிள்ளையை எந்தத் தலைமையாசிரியரும் பொய் மாணவன் என்று திருப்பி அனுப்புவதில்லை. சோற்றுக்கு வந்தவன் எழுத்தையும் கற்றுக்கொண்டு போகின்றான். முதுகில் சுமை இருப்பவன் சுமையிறக்கத்தையே முதலில் தேடுவான்.

ரிங்கல்தௌபே கப்பலேறுமுன் சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்தினிடம் ஒப்படைத்தார். அதன்பின் ஏறத்தாழ இரண்டாண்டுகள், அடுத்த மிஷனரியாகிய சார்லஸ் மீட் வந்து சேரும் வரை, எந்த ஐரோப்பியரும் இல்லாமல் சாம்பவர் குலத்துப் பெரியவர் ஒருவர் பல ஊர்ச் சபைகளையும் பள்ளிகளையும் வழிநடத்தினார். 1816-ஆம் ஆண்டில் இஃது எத்தகைய செயல் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். பொதுவழியில் நடக்கவும் உரிமையற்ற குலத்தவர் வழிகாட்டியாய் நின்ற காலம் அது. அச்சபைகளில் சாணார் எனப்பட்ட நாடார் மக்களும் இருந்தனர். மீட் வந்தபின் பணியின் தலைமையிடம் நாகர்கோவிலுக்கு மாறிற்று. அரசி கௌரி பார்வதி பாய் நிலம் வாங்க ஐயாயிரம் ரூபாய் நன்கொடை அளித்தார். 1819-இல் பெண்களுக்கும் பள்ளி தோன்றிற்று.

திருச்சபை தான் போதித்த கொள்கைக்கு எப்போதும் உண்மையாய் நின்றது என்று நாம் சொல்லோம். வேதமாணிக்கம் திருமுழுக்குப் பெற்ற தஞ்சைச் சபையிலேயே குலவாரியாக இருக்கைகள் பிரிந்திருந்தன. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை விலக்குமாறு சுற்றோலை விடுத்தபோது, உயர்குலக் கிறித்தவர் பலர் கொதித்தெழுந்தனர். மீட் ஐயரின் பிற்கால வாழ்வு இன்னும் கசப்பான சான்று. 1850-களின் தொடக்கத்தில் அவர் பறையர் குலக் கிறித்தவப் பெண் ஒருவரை மணந்தார். உடன் பணியாற்றிய வெள்ளைப் பாதிரிமாரே அதை எதிர்த்தனர்; அவர் மிஷனை விட்டு விலக நேர்ந்தது. அடிமை வடிவேற்ற இறைவனைப் பாடுதல் எளிது. அடிமைக் குலத்தாளோடு ஒரே மேசையில் உண்ணுதல் அவர்களுக்கு அரிதாயிற்று.

அரசும் இவ்வகையில் விலக்கன்று. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியார் என்னும் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என வரையறுத்தது. பின்னர் 1956-இல் சீக்கியர்க்கும் 1990-இல் பௌத்தர்க்கும் அது விரிந்தது, கிறித்தவர்க்கு விரியவில்லை. தமிழகத்தில் ஆதிதிராவிடக் கிறித்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். ஒரே தெருவில், ஒரே பாட்டனின் பேரர்கள் இருவர், ஒருவன் முருகனையும் மற்றவன் கிறித்துவையும் வணங்கினால், சான்றிதழில் இருவேறு சாதியார் ஆகின்றனர். ஊரார் கண்ணுக்கு மட்டும் இருவரும் ஒன்றே. சேர்க்கைப் பதிவேட்டில் இவ்விருவர் பெயரையும் அடுத்தடுத்து எழுதும் வேளையில் நம் பேனா தயங்குவதுண்டு. நம் சங்கத்தில் இரு சாராரும் ஒரே பலகையில் அமர்ந்து பணியாற்றுவதால் இதனை மறைக்காமல் எழுதினோம்.

வேதமாணிக்கம் 1827-இல் காலமானார். அடிமை விடுதலை ஆணையைக் காண அவர் இன்னும் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். மயிலாடிக்கு அண்மையிலுள்ள சுசீந்திரத்தில் கோயில் தெருக்களில் நடக்கும் உரிமைக்காக அறப்போர் நடந்தது 1926-இல். திருவிதாங்கூரின் கோயில் நுழைவு அறிவிப்பு 1936 நவம்பர் 12-இல் வெளியாயிற்று. நம் திருத்தணி அடங்கியிருந்த சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டம் வந்தது 1939-இல். தில்லை வாயிலின் புறத்தே அவர் நின்று அப்போது நூற்று நாற்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

கப்பலேறிய ரிங்கல்தௌபே கொழும்பு வழியே கீழ்த்திசை சென்றார்; அதன்பின் எங்கே, எவ்வாறு மறைந்தார் என்பது இன்றளவும் அறியப்படவில்லை. அவர்க்குக் கல்லறை இல்லை. மயிலாடியில் உள்ள ஆலயம் செருமானியர் பெயரையும் சாம்பவர் பெயரையும் சேர்த்து, ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவாலயம் என்றே வழங்குகின்றது.