உடுவிலிலே தங்கிய அம்மையார்

வன்னி நாட்டின்கண் கிளிநொச்சிக்குத் தென்மேற்கே அமைந்தது அக்கராயன். அக்கராயன் என்னும் குறுநில மன்னன் ஒருவனின் பெயரால் ஊரும் குளமும் வழங்குகின்றன என்பது செவிவழி மரபு. 2008ஆம் ஆண்டில் இவ்வூர் மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். அடுத்த ஆண்டிற் போர் ஓய்ந்தபின் சிறிது சிறிதாக மீண்டு வந்து குடியமர்ந்தனர். பள்ளிக்கூடங்கள் மீண்டும் நடைபெறத் தொடங்கிய அக்காலத்தே கடல் கடந்த நாடுகளிலிருந்து அன்பர் பலர் வந்தனர். கொப்பியும் பேனாவும் வழங்கினோர் உளர். சைக்கிள் வழங்கினோர் உளர். இரண்டு மூன்று கிழமை தங்கியிருந்து ஆங்கிலம் கற்பித்துச் சென்றோரும் உளர். அங்ஙனம் வந்து சென்ற ஒரு பெண்பிள்ளையைப் பற்றி, அந்த அக்கா திரும்பி எப்போது வருவா என்று மாணவி ஒருத்தி பல நாளும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். யான் யாது விடை கூறுவேன்!

வந்தோரைக் குறை கூறுதல் என் கருத்தன்று. கொடுப்பவர் கையைப் பார்த்துக் குற்றம் சொல்லும் வழக்கம் நம்மிடையே மிகுதியாக உண்டு; அதனை யான் வெறுப்பவன். ஆயினும், அச்சிறுமியின் வினா, இதே கடலைக் கடந்து யாழ்ப்பாணத்துக்கு வந்து, நாற்பத்து மூன்று ஆண்டு தங்கி, ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பாது இம்மண்ணிலேயே உயிர் நீத்த ஓர் அம்மையாரை நினைப்பூட்டியது. அவர்தாம் எலிசா அக்நியூ அம்மையார்.

அம்மையார் 1807ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆந் திகதி நியூயோர்க் நகரிற் பிறந்தவர். எட்டு வயதளவிற் பள்ளியிலே பூகோள பாடம் நடந்துகொண்டிருந்தபோது, ஆசிரியர் உலகப் படத்தில் இந்தியாவையும் இலங்கையையும் காட்டினாராம். அன்றே அந்நாடுகளுக்குச் செல்வதென உறுதி பூண்டார் என்பர். குழந்தைப் பருவத்து எண்ணங்கள் காலையிற் பெய்த பனி போல மறைவன. இவருடைய எண்ணமோ மறையவில்லை. பெற்றோர் உயிரோடிருக்குமளவும் அவர்களைவிட்டு நீங்காதிருந்தார். அவர்கள் காலஞ்சென்ற பின்னரே, முப்பத்திரண்டாம் வயதில், 1839ஆம் ஆண்டு ஜூலைத் திங்களிற் பொஸ்ரன் துறைமுகத்திற் கப்பலேறி, 1840 ஜனவரியில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். அக்காலத்தில் மணமாகாத பெண்ணொருத்தி இத்துணைத் தொலைவு தொண்டின்பொருட்டு வருதல் அரிது.

அமெரிக்க மிசனார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816ஆம் ஆண்டில். 1824இல் கரியற் வின்சிலோ அம்மையார் உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். தமிழ் ஆங்கிலப் பேரகராதியை 1862இல் வெளியிட்ட மைரன் வின்சிலோ பாதிரியாரின் மனைவியார் இவர். 67,000 சொற்களுக்கு மேற்பட்ட அவ்வகராதியை நாம் இன்றும் புரட்டுகிறோம். அதனாற் கணவரை அறிவோம், மனைவியாரை அறியோம். கரியற் அம்மையார் 1833இல் இறந்தபின், ஸ்போல்டிங் பாதிரியாரின் மனைவியார் பாடசாலைப் பொறுப்பை ஏற்றிருந்தார். அவரிடத்தே உடுவிலுக்கு வந்து சேர்ந்த அக்நியூ அம்மையார் விரைவில் அப்பாடசாலையின் தலைமையாசிரியையானார்.

அக்காலத்துப் பெண்பிள்ளைகளின் நிலை யாது? செல்வர் வீட்டுப் பிள்ளையாயினும் ஏழை வீட்டுப் பிள்ளையாயினும் பெண்ணுக்கு எழுத்தில்லை. எழுத்தும் பாட்டும் கோயிலில் ஆடும் மகளிர்க்கே உரியன, குலப்பெண்டிர்க்கு இழுக்கு என்று பெரியோர் கருதினர். திண்ணைப் பள்ளியில் ஆண்பிள்ளைகள் முதன்முதற் பாடமோதிய ஆத்திசூடியை இயற்றியவர் ஔவையாரென்னும் பெண்பாற் புலவர்! அதனைச் சிறுவருக்கு ஓதுவித்த ஆசிரியர்கள் தம் புதல்வியரை மட்டும் திண்ணைக்கு அழைத்திலர். இதனை எழுதும்போது என் போன்ற பண்டிதர் பரம்பரைக்கு நாணம் வரத்தான் வேண்டும்.

ஆதலின் உடுவிலுக்குப் பிள்ளை தேடுவதே முதலிற் பெரும்பாடாயிற்று. மழைக்கு ஒதுங்கிய இரண்டு சிறுமியரிலிருந்தே பெண்பிள்ளைகளின் படிப்புத் தொடங்கிற்று என ஒரு கதை வழங்குகின்றது. உணவும் உடையும் புத்தகமும் இலவசமாகக் கொடுத்தனர். படிப்பு முடித்து மணம்புரியும் பெண்ணுக்குச் சிறிது சீதனமும் கொடுத்தனர். சீதனம் கொடுத்துப் படிப்பித்தார்கள் என்றால் இன்று நகைப்போம். அன்று வேறு வழியிருந்ததில்லை. பிற்காலத்தில் அச்சீதனம் நின்றது. பெற்றோர் தாமே பணங்கட்டிப் பிள்ளைகளை அனுப்பும் காலமும் வந்தது. ஆயினும், எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அப்பாடசாலையின் கதவு ஒரே அளவிற் திறந்திருந்தது என்று சொல்வதற்கில்லை.

இச்செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலுள்ள ஒரு சபையாரோ ஒரு குடும்பத்தாரோ ஆண்டுதோறும் ஒரு தொகை அனுப்புவர். அதனால் ஈண்டு ஒரு பிள்ளை உண்டு, உடுத்துக் கற்கும். பணம் அனுப்பியோர் விரும்பும் பெயரை அப்பிள்ளைக்கு இடுவதும் வழக்கம். வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்று, பாவலர் சரித்திர தீபகம் எழுதிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, வீசகணிதம் எழுதிய கறல் விசுவநாதபிள்ளை, நியாய இலக்கணம் எழுதிய நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை ஆகியோரின் பெயர்முன் நிற்கும் அயற்பெயர்கள் இவ்வாறு வந்தனவே. உடுவிற் பெண்பிள்ளைகளும் அவ்வாறே பெயர் பெற்றனர். முன்பின் காணாத ஒருவர் ஒரு பிள்ளைக்குச் சோறிட்டமை பெரிது. அதற்கு ஈடாகத் தாய் தந்தையர் இட்ட பெயரை மாற்றியமை அத்துணைப் பெரிதன்று. இன்று பெயரை மாற்றுவாரில்லை. நிழற்படம் எடுத்துக்கொள்வதோடு அமைகின்றனர்.

அக்நியூ அம்மையாரின் நாட்கள் ஒன்றைப்போல் ஒன்று கழிந்தன. சொல்லத்தக்க வீரச்செயல் ஒன்றும் அவர் வாழ்விலில்லை. பாடம், விடுதி, நோயுற்ற பிள்ளையின் பக்கத்திலே விழித்திருத்தல், விடுமுறை வந்தால் மணமாகிச் சென்ற பழைய மாணவியரின் ஊர்களுக்குப் போய் அவர்களைக் காணுதல் ஆகிய இவையே. இவற்றுள் இறுதியிற் சொன்னதையே யான் பெரிதாக மதிப்பேன். பள்ளிவிட்டுச் சென்ற பிள்ளையை மறந்துவிடுவது ஆசிரியர்க்கு எளிது. அம்மையார் மறக்கவில்லை. ஆதலின், தம்மிடம் முதலிற் பயின்றோரின் புதல்வியரும், அப்புதல்வியரின் பிள்ளைகளுட் சிலரும் அவரிடமே வந்து அரிச்சுவடி கற்றனர். 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. உடுவிற் பாடசாலை நிலைத்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகள் அம்மையாரிடம் கற்றனர் என்பர். ஆயிரம் பெண்மக்களின் தாய் என்று அவரைப் பிற்காலத்தார் அழைத்தது அதனாலேயே.

அவருள் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் கிறித்து சமயத்தைத் தழுவினர் என்பதனையும் மறைத்தலாகாது. அம்மையார் அதன்பொருட்டே வந்தார், அதனை ஒளித்தாருமிலர். சைவனாகிய யான் இவ்விடத்தே தயங்குகிறேன். எழுத்தறியாதிருந்த சிறுமியின் கையில் எழுத்தைக் கொடுத்தவர், அதே கையிலிருந்து திருநீற்றை வாங்கினார். ஒன்றுக்காக நன்றி கூறி மற்றொன்றைப் பேசாது விடுதல் நேர்மையாகாது. இத்தயக்கம் அக்காலத்தே பெரியதொரு செயலாயிற்று. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஆயினும், பெண்பிள்ளைகளுக்கென ஒரு சைவ விடுதிக் கல்லூரி உடுவிலுக்கு அண்மையில் மருதனார்மடத்திலே எழுந்தது 1913இலேதான். அதனை நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், புளோரன்ஸ் பார் என்னும் ஆங்கிலப் பெண்மணியை அதன் நிருவாகத்துக்கு அழைத்து வந்தார். அவரும் 1917இல் கொழும்பிலே உயிர் நீத்தார். நம் பெண்பிள்ளைகளுக்கு நாமே தொடங்கிய கல்லூரிக்கும் கடல் கடந்து ஒருவர் வரவேண்டியிருந்தது.

நாவலர் இறந்தது 1879ஆம் ஆண்டு. அக்நியூ அம்மையார் பணியினின்று ஓய்வு பெற்றதும் அதே ஆண்டில். அப்பொழுது அவருக்கு வயது எழுபத்திரண்டு. ஸ்போல்டிங் பாதிரியாரும் மனைவியாரும் அதற்குச் சில ஆண்டுகளின் முன்னரே இறந்துவிட்டனர். நியூயோர்க்குக்குத் திரும்பியிருக்கலாம், கப்பற் பயணமும் முன்போலக் கடினமாயிருக்கவில்லை. அவர் திரும்பவில்லை. மானிப்பாய்க்குச் சென்று, அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்த லீச் சகோதரியரோடு வாழ்ந்தார். 1883இல் பாரிசவாதத்தால் வீழ்ந்தபோது, அவரைப் பராமரிக்கும் பேறு தமக்கு வேண்டுமெனப் பழைய மாணவியர் பலர் வந்து நின்றனர். தாயைப் பேணுவார்போலத் தூக்கிக் கிடத்தினர், விசிறினர், இரவெல்லாம் விழித்திருந்தனர்.

உயிர் பிரியுங்காலம் நெருங்கியபோது, அவர்பொருட்டுத் தாம் யாது வேண்டிப் பிரார்த்திக்கலாம் என்று உடனிருந்த பாதிரியார் கேட்டனர். தமக்கென ஒன்றும் அவர் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்கள் கிறித்துவிடம் வருதல் வேண்டுமெனப் பிரார்த்திக்கும்படி கூறினார். அவ்வேண்டுதலோடு என் மனம் இன்றும் உடன்படாது. அப்போது அவ்வறையில் அவரைச் சூழ்ந்து நின்றோரும் யாழ்ப்பாணத்துப் பெண்களே. 1883ஆம் ஆண்டு ஜூன் 14ஆந் திகதி அவர் உயிர் பிரிந்தது.