கோணேசர் கடலடியிலிருந்து செய்மதி வரை: ஆர்தர் சி. கிளார்க்கின் வாழ்வும் நமது ஆவணங்களும்

திருகோணமலை நகரில் பிரெட்றிக் கோட்டையைத் தாண்டி சுவாமி மலையின் விளிம்பில் நின்று பார்த்தால், பாறை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குவது தெரியும். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். அதன் கற்களில் ஒரு பகுதி கோட்டைச் சுவரானது, ஒரு பகுதி கடலுக்குள் போனது. 1956இல் இரண்டு ஆங்கிலேயச் சுழியோடிகள் அந்த இடத்தில் இறங்கி, தூண்களையும் செதுக்கிய கற்களையும் நீருக்கடியில் கண்டார்கள். அவர்களில் ஒருவரான மைக் வில்சன் பின்னாளில் துறவியாகி சுவாமி சிவகல்கி என்று அறியப்பட்டார். மற்றவர் ஆர்தர் சி. கிளார்க்.

கிளார்க் 1917 டிசம்பர் 16ஆம் திகதி இங்கிலாந்தின் மைன்ஹெட் என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். பள்ளி முடிந்ததும் பல்கலைக்கழகம் போக வசதியில்லை. லண்டனில் அரச அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்த்தார். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையின் ராடார் பிரிவில் வேலை செய்தார். 1945 ஒக்டோபரில் ஒரு வானொலித் தொழில்நுட்ப இதழில் அவர் எழுதிய கட்டுரைதான் அவரை வரலாற்றில் நிறுத்தியது. பூமத்திய ரேகைக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதி, பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் வானில் அசையாமல் நிற்பது போலத் தெரியும். அப்படி மூன்று இருந்தால் உலகம் முழுவதையும் இணைத்துவிடலாம் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். அதற்குக் காப்புரிமை எதுவும் அவர் எடுக்கவில்லை.

1956இல் அவர் இலங்கையில் குடியேறினார். முதன்மையான காரணம் கடல். திருகோணமலைச் சுழியோட்ட அனுபவங்களையும் சேர்த்து அவர் எழுதிய நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. 1962இல் வில்சன் இயக்கிய ‘ரன்முத்து தூவ’ என்ற வண்ணச் சிங்களத் திரைப்படத்துக்கும் இந்தக் கடலே களமானது. அதே ஆண்டு கிளார்க்கைப் போலியோ தாக்கியது. நடப்பது கடினமான பிறகும் சுழியோடுவதை அவர் விடவில்லை.

1974இல் அவுஸ்திரேலியத் தொலைக்காட்சியில் பேசியபோது அவர் ஒரு காட்சியை விவரித்தார். அடுத்த நூற்றாண்டில் வீட்டுக்கு வீடு திரையும் விசைப்பலகையும் இருக்கும். தகவல்கள் எங்கோ தொலைவிலுள்ள கணினியில் இருக்கும், வேண்டியதைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றார். 1975இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அவரது கொழும்பு வீட்டில் ஒரு செய்மதி அலைவாங்கியை நிறுவியது. அப்போது இலங்கையில் தொலைக்காட்சி நிலையமே இல்லை.

1982இல் வெளிவந்த அவரது ‘2010’ நாவல், ஒரே ஒரு நெகிழ்வட்டில் கொழும்பிலிருந்து நியூயோர்க் போனது. கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை நிலையத்திலிருந்து செய்மதி வழியாகப் போயின. அதைப் படமாக்கிய பீற்றர் ஹயம்ஸ் லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்தார். இருவரும் கேய்ப்ரோ கணினிகளையும் மோடத்தையும் வைத்துத் தொலைபேசி இணைப்பில் கடிதம் பரிமாறினார்கள். ஒருவருக்குப் பகல் என்றால் மற்றவருக்கு இரவு. அந்தத் திரையில் படமோ சுட்டியோ கிடையாது, வெறும் எழுத்துகள்தான். கட்டளையைத் தட்டச்சு செய்தால் இயந்திரம் பதில் தரும்.

இன்றும் தொலைவிலுள்ள சேமிப்புக் கணினிகளை அணுகுவோர் இதைத்தான் செய்கிறார்கள். கறுப்புத் திரையில் பயனர் பெயரையும் கணினியின் முகவரியையும் தட்டச்சு செய்வார்கள். கடவுச்சொல்லுக்குப் பதில் இரட்டைத் திறவுகோல் ஒன்றை உருவாக்குவார்கள். அதன் பொதுப் பாதி சேமிப்புக் கணினியில் இருக்கும். இரகசியப் பாதி உரியவரை விட்டு வெளியே போகக் கூடாது. உள்ளே போன கோப்பைப் பல கணினிகளில் பல பிரதிகளாக வைக்கலாம். அப்படி வைத்தால் ஒன்று எரிந்தாலும் மற்றவை இருக்கும்.

இந்த வசதியின் அருமை நமக்கு வேறு விதமாகத் தெரியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதோடு போயின. செய்மதித் தொடர்பின் தந்தை கொழும்பிலிருந்து அமெரிக்காவுடன் பேசிய அதே நாட்டில், 1990இல் வடக்குக்கான மின்சாரமும் தொலைபேசியும் அறுந்தன. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓடினோம். கிளார்க் சுழியோடிய கிழக்குக் கடலில் நம் மீனவர்களுக்குத் தடை இருந்தது. இணைப்பைக் கண்டுபிடிப்பது ஒருவர், அதை அறுக்கும் கத்தியை வைத்திருப்பது வேறொருவர்.

2004 சுனாமி ஹிக்கடுவையில் இருந்த அவரது சுழியோட்ட நிலையத்தை அழித்தது. 2007 டிசம்பரில், தொண்ணூறாவது பிறந்தநாளை ஒட்டி அவர் மூன்று ஆசைகளை வெளியிட்டார். வேற்றுலக உயிர்களுக்குச் சான்று கிடைக்க வேண்டும், எண்ணெயை நம்பியிருப்பது ஒழிய வேண்டும், இலங்கையில் நிலையான சமாதானம் வர வேண்டும். அடுத்த மாதமே அரசாங்கம் போர்நிறுத்த உடன்படிக்கையிலிருந்து விலகியது. 2008 மார்ச் 19ஆம் திகதி அவர் கொழும்பில் காலமானார். முள்ளிவாய்க்காலை அவர் காணவில்லை.

2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் இன்று நம் பத்திரிகைகளையும் நூல்களையும் மின்வடிவில் காக்கிறது. ஆனால் ஒவ்வொரு குடும்பத்தின் கடிதங்களையும், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களையும், முறைப்பாட்டுத் துண்டுகளையும் அந்தந்தக் குடும்பம்தான் பிரதி எடுக்க வேண்டும். ஒரு பிரதி தொலைவில் இருக்கட்டும். 2018இலும் 2019இலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டதைப் பார்த்தவர்கள் நாம். அதனால் இன்னொரு பிரதி கைக்கெட்டும் வன்தட்டில் இருக்கட்டும். திறவுகோலைக் கணினியில் வைத்தால் அதற்கும் ஒரு மறைமொழி போட்டு வையுங்கள். கணினி பறிபோனாலும் மறைமொழி தெரியாதவர் அந்தத் திறவுகோலை எளிதில் பயன்படுத்த முடியாது. கோணேசர் கோயிலின் கற்களைக் கடல் தற்செயலாகக் காத்துக் கொடுத்தது. காகிதத்தைக் கடல் காக்காது.