சைக்கிளில் சங்கீதம் வாசித்தவர்!

அமெரிக்க இசைக் கலைஞர் பிராங்க் ஜாப்பாவின் கதை

1963-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சி. கறுப்புக் கோட்டு அணிந்த ஒல்லியான வாலிபர் ஒருவர் வந்தார். வயது 22. அவர் கொண்டு வந்த வாத்தியம் என்ன தெரியுமா? சைக்கிள்!

சக்கரக் கம்பிகளை விரலால் மீட்டினார். குச்சியால் தட்டினார். வில்லை வைத்து இழுத்தார். கைப்பிடிக் குழாயில் வாயை வைத்து ஊதினார். சபையோர் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வாலிபரும் சிரித்தார். ஆனால், எந்தப் பொருளுக்குள் என்ன ஓசை ஒளிந்திருக்கிறது என்று தேடுவது அவருக்கு வெறும் விளையாட்டு அல்ல. அந்தத் தேடலே அவருடைய வாழ்க்கை ஆயிற்று. அவர்தான் பிராங்க் ஜாப்பா.

நோஞ்சான் பிள்ளை

ஜாப்பா 1940-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி பால்டிமோர் நகரில் பிறந்தார். தகப்பனார் இத்தாலி நாட்டைச் சேர்ந்த சிசிலித் தீவில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறியவர். ராணுவத்துக்காக விஷவாயு தயாரிக்கும் இடத்தில் அவருக்கு உத்தியோகம். வாயு கசிந்தால் என்ன செய்வது? அதற்காக வீட்டிலே ஆளுக்கொரு முகமூடி தயாராக இருக்கும்!

பிராங்குக்கு எப்போதும் சீக்கு. மூச்சுத் திணறல் வேறு. பையன் உடம்பு தேற வேண்டுமே என்று, குடும்பம் கதகதப்பான கலிபோர்னியாவுக்குக் குடி பெயர்ந்தது.

அங்கே 12-வது வயதில் பையனுக்குக் கொட்டு அடிப்பதில் ஆசை பிறந்தது. ஒருநாள் ஒரு பத்திரிகையில், எட்கார் வரேஸ் என்பவரின் இசைத்தட்டைப் பற்றிப் படித்தான். காது கொடுத்துக் கேட்க முடியாத ஒரே கொட்டு முழக்கம் என்று அதில் எழுதியிருந்தது. அதுதானே அவனுக்கு வேண்டும்! ஒரு வருஷத்துக்கு மேல் தேடி அலைந்தான். கடைசியில் ஒரு கடையில் அந்தத் தட்டு அகப்பட்டது. கையிலே நாலு டாலர்கூட இல்லை. பேரம் பேசி வாங்கி வந்து, தேயத் தேயக் கேட்டான்.

15-வது பிறந்த நாள் வந்தது. தாயார் 5 டாலர் செலவழிக்கச் சம்மதித்தார். அந்தப் பணத்தில் மிட்டாய் வாங்கவில்லை, உடுப்பும் வாங்கவில்லை. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் நியூயார்க்கில் இருந்த வரேஸின் வீட்டுக்கு டெலிபோன் செய்தான்! வரேஸ் வெளிநாடு போயிருந்தார். அவருடைய மனைவிதான் பேசினார். பின்னர் வரேஸ் ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, ஆயுள் முழுவதும் ஜாப்பா பாதுகாத்தார். இருவரும் நேரில் சந்திக்கவே இல்லை.

புத்தகசாலையில் இருந்த நூல்களைப் படித்து, இசையை ஏட்டில் எழுதத் தாமாகவே கற்றுக்கொண்டார் ஜாப்பா. பெரிய வாத்தியக் கோஷ்டி தாம் எழுதியதை எழுதியபடி வாசிக்க வேண்டும். அதைத் தம் காதால் கேட்க வேண்டும். இதுதான் அவருடைய ஆசை. ஆனால் ஏழைப் பையனுக்காக எந்தக் கோஷ்டி வாசிக்கும்?

பத்து நாள் சிறை

ஒரு சினிமாவுக்கு இசை அமைத்ததில் கொஞ்சம் பணம் கிடைத்தது. அதைக் கொண்டு சின்ன ஒலிப்பதிவு நிலையம் ஒன்றை வாங்கினார். இரவு பகலாக அங்கேயே கிடந்தார். பட்டினியும் கிடந்தார்.

1965-ல் ஒரு போலீஸ்காரர் வேஷம் மாறி வந்தார். விரசமான ஒலிநாடா ஒன்று வேண்டும், பணம் தருகிறேன் என்றார். ஜாப்பா ஏமாந்தார். நாடாவைத் தயாரித்ததும் கைதானார். பத்து நாள் சிறையில் இருந்தார். நிலையமும் கைவிட்டுப் போயிற்று. அதிகாரம் என்றாலே அவருக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான்.

அதே ஆண்டில் ஒரு ராக் இசைக் குழுவில் கிதார் வாசிக்கச் சேர்ந்தார். ராக் என்பது கிதாரும் கொட்டும் அதிர, இளைஞர்கள் ஆடிப் பாடும் இசை. சேர்ந்த கொஞ்ச நாளில் அவரே தலைவர் ஆனார். 'மதர்ஸ் ஆப் இன்வென்ஷன்' என்று அந்தக் குழு பெயர் பெற்றது.

தட்டுக்குத் தட்டு புதுமை

1966-ல் 'பிரீக் அவுட்' என்ற முதல் தொகுப்பு வந்தது. ஒரு தட்டுப் போதாமல் இரண்டு தட்டுகள்! முதல் தட்டில் காதல் பாட்டுகளைப் போலத் தொடங்கும் கேலிப் பாட்டுகள். போகப் போகக் கூச்சலும் கொட்டு முழக்கமும். வரேஸின் சாயல் அதில் இருந்தது.

1968-ல் அடுத்த மாற்றம். ஒலிநாடாவைப் பிளேடால் துண்டு துண்டாக வெட்டி, வேறு விதமாக ஒட்டினார். பாட்டு நடுவிலே அறுந்து பேச்சாகும். பேச்சு அறுந்து வாத்தியமாகும். அரசாங்கத்தையும் கேலி செய்தார். நீள முடி வளர்த்த இளைஞர் கூட்டத்தையும் கேலி செய்தார். அவருக்கே நீள முடிதான்! ஆனாலும் போதை மருந்துகளை வெறுத்தார். சுற்றுப்பயணத்தில் தம் குழுவினர் அவற்றைத் தொடக் கூடாது என்று தடை விதித்தார். சிகரெட்டையும் காப்பியையும் மட்டும் அவரால் விட முடியவில்லை.

1969-ல் வந்தது 'ஹாட் ராட்ஸ்'. இதில் பெரும்பாலும் வாத்தியம்தான். 16 தனித்தனிப் பதிவுகளைப் பின்னல் போலச் சேர்த்துப் பின்னும் புதிய இயந்திரத்தை உபயோகித்தார். ஒரே கலைஞர் பல வாத்தியங்களைத் தனித்தனியே வாசிப்பார். சேர்த்துக் கேட்டால் பெரிய கோஷ்டி வாசிப்பது போலிருக்கும். அமெரிக்காவைவிட இங்கிலாந்தில் இந்தத் தட்டுக்கு நல்ல வரவேற்பு.

கீழே தள்ளிய கை

1971 டிசம்பர் மாதம் அவருக்குப் பொல்லாத மாதம். சுவிட்சர்லாந்தில் அவர் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது மண்டபம் தீப்பிடித்தது. வாத்தியங்கள் எல்லாம் எரிந்து போயின. ஒரு வாரத்துக்குள் லண்டன் கச்சேரியில் ஓர் ஆள் மேடை ஏறி வந்து, அவரைக் கீழே தள்ளிவிட்டான். தலையிலும் கழுத்திலும் காலிலும் பலத்த அடி. இறந்துவிட்டார் என்றே கூட இருந்தவர்கள் பயந்தார்கள்.

பல மாதம் சக்கர நாற்காலியில் இருந்தார். தொண்டையில் பட்ட அடியால் குரலே கனத்துப் போயிற்று. ஒரு கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. ஆனால் கையும் காதும் சும்மா இருக்குமா? நாற்காலியில் உட்கார்ந்தபடியே, ஊது வாத்தியங்கள் நிறைந்த பெரிய ஜாஸ் கோஷ்டிக்கு இசை எழுதினார். 1972-ல் அவை இரண்டு தொகுப்புகளாக வந்தன.

அதன் பிறகு அந்தக் கனத்த குரலே அவருக்கு அடையாளம் ஆயிற்று. 1974-ல் வெளிவந்த 'அப்பாஸ்ட்ரபி', அமெரிக்காவில் அதிகம் விற்ற முதல் பத்துத் தொகுப்புகளில் ஒன்றாக இடம் பெற்றது.

தன் கையே தனக்கு உதவி

பணம் வந்தது. கூடவே வழக்கும் வந்தது. இசைத்தட்டுக் கம்பெனியோடு தகராறு முற்றிக் கோர்ட்டுக்குப் போனது. இனி யார் தயவும் வேண்டாம் என்று முடிவு செய்தார். 1979-ல் தம் பெயரிலேயே தட்டுகளை வெளியிட்டார். 1981-ல் மற்றொரு சொந்தக் கம்பெனி தொடங்கினார். வீட்டிலேயே ஒலிப்பதிவு நிலையம் கட்டினார். கிதார் வாசிப்பு மட்டுமே அடங்கிய மூன்று தட்டுகளைத் தபால் மூலம் விற்றார்!

சென்னையில் பிறந்த வயலின் வித்வான் எல். சங்கரின் 'டச் மீ தேர்' என்ற தட்டை 1979-ல் தயாரித்தவரும் ஜாப்பாதான்.

ராக் பாட்டில் வந்த பணத்தைச் சிறு வயது ஆசைக்குச் செலவிட்டார். 1983-ல் தம் சொந்தச் செலவில் லண்டன் சிம்பனி கோஷ்டியை அமர்த்தி, தாம் எழுதியதை வாசிக்கச் செய்தார். பிரமாதமான வித்வான்கள். ஆனால் ஒத்திகைக்கு நாள் போதவில்லை. பிழைகள் நேர்ந்தன. ஜாப்பாவின் மனம் நிறையவில்லை.

பிறகு 'சின்கிளேவியர்' என்ற விலையுயர்ந்த கம்ப்யூட்டர் வாத்தியத்தை நாடினார். அது களைப்படையாது. எழுதியதை அப்படியே வாசிக்கும். அதைக் கொண்டு அவர் தயாரித்த 1986-ம் ஆண்டுத் தொகுப்புக்கு, 1988-ல் கிராமி விருது கிடைத்தது.

ஆசை நிறைவேறியது

1990-ல் அவருக்குப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. நோய் முற்றிவிட்டிருந்தது.

அந்த நிலையில்தான் ஜெர்மனியிலிருந்து 'என்செம்பிள் மாடர்ன்' என்ற கோஷ்டி அவரைத் தேடி வந்தது. மனித விரல்களுக்கு முடியாது என்று அவர் கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருந்த இசையைக்கூட அவர்கள் பழகினார்கள். நாள் கணக்கு, வாரக் கணக்குப் பார்க்காமல் ஒத்திகை நடந்தது. 1992 செப்டம்பரில் பிராங்க்பர்ட் நகரில் அரங்கேற்றம். ஜாப்பா மேடையில் நின்று, சில பகுதிகளைத் தாமே நடத்தினார். சபையோரின் கரகோஷம் ஓய வெகு நேரம் ஆயிற்று. உடம்பு இடம் தராததால், தொடர்ந்து நடந்த எல்லாக் கச்சேரிக்கும் அவரால் போக முடியவில்லை.

1993-ல் அதே கோஷ்டியைத் தம் ஊருக்கு அழைத்தார். சிறு வயதில் டெலிபோனில் தேடிய அந்த வரேஸின் இசையை வாசிக்கச் செய்து பதிவு செய்தார். நவம்பரில் முந்தின ஆண்டுக் கச்சேரிகளின் தொகுப்பு 'எல்லோ ஷார்க்' என்ற பெயரில் வெளிவந்தது. மறு மாதம், டிசம்பர் 4-ந் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தம் வீட்டில் ஜாப்பா காலமானார். வயது 52.

அவர் வாழ்நாளில் வெளியிட்ட தொகுப்புகள் 60-க்கு மேல். ஒன்று விற்றால் அதையே திருப்பிச் செய்து பிழைத்திருக்கலாம். அவரோ ஒவ்வொரு முறையும் வேறு வழி தேடினார். சில தட்டுகளால் நஷ்டம், சிலவற்றால் வழக்கு. ஆனால் பையனாக இருந்தபோது கேட்க விரும்பிய இசையை, கண் மூடுமுன் கேட்டுவிட்டார்.